கொங்காணியும் குடையும்

பான்ச்சோ என்று ஒரு உடுப்பு இருக்கிறது. ஒரு நீள்சதுரத் துணி. நடுவில் தலை நுழைய ஒரு திறப்பு. கை கிடையாது, காலர் கிடையாது, பட்டன் கிடையாது. மழைக்காலத்தில் பட்டணத்தில் பைக்கில் போகிறவர்கள் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். தையல் சரியாகப் பழகாதவர்கூட ஒரு மத்தியானத்தில் வீட்டிலேயே தைத்துவிடலாம். இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். மழைக்கு உடம்பை மூடிக்கொள்வது இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒன்றுபோல் நடந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பான்ச்சோ என்ற சொல் வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே எங்கள் சேரியில் கொங்காணி இருந்தது. சணல் சாக்கின் அடிமூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் திணித்தால் ஒரு கூம்பு கிடைக்கும். அதைத் தலையில் மாட்டினால் மிச்சச் சாக்கு முதுகில் தொங்கும். ஊசி வேண்டாம், நூல் வேண்டாம். மழை வலுத்தால் சணல் தண்ணியைக் குடித்துக்கொண்டு கல்லாய்க் கனக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழற்றிப்போட்டால் ஊறின சாக்கு வாடை உடம்பிலேயே தங்கிவிடும். அந்த வாடையோடுதான் அம்மா எங்களுக்குச் சோறு போட்டாள். சணல் சாக்கு போய் யூரியா சாக்கு வந்தது. கொங்காணி மட்டும் அப்படியே இருந்தது.

எம்.ஏ. தமிழ் படித்தபோது ஆடைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருக்கிறேன். கலிங்கம், துகில், அறுவை, கச்சு என்று பட்டியல் போகும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். கொங்காணி அந்தப் பட்டியலில் இல்லை. அது ஆடை இல்லையாம். அது சாக்குதானாம். நடவு வயலில் நிற்கிற பெண்ணின் முதுகில் கிடப்பதைத் தமிழரின் ஆடை என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியாவின் சாதி பற்றி 1946இல் வெளியிட்ட தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன்நகை, வெள்ளிநகை போடக்கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் போகக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. பூ வைக்கக்கூடாது. கடைசித் தடையைக் கவனியுங்கள். வெயிலுக்கோ மழைக்கோ ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்பும் போடக்கூடாது. கேட்காதவர்கள் மேல் வன்முறை ஏவப்பட்டது. அடுத்த வருஷமே தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும், ஆணும் பெண்ணும் மிராசுதாரர்களுக்கு அடிமைகளாக வேலை செய்ய வேண்டும் என்பதும் அதில் வந்தன.

இந்தப் பட்டியலைப் பல தடவை படித்திருக்கிறேன். குடை கூடாது என்கிறது, கொங்காணி கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? குடை பிடிக்க ஒரு கை வேண்டும். ஒரு கையில் குடையை வைத்துக்கொண்டு நாற்று நட முடியாது, ஏர் பிடிக்க முடியாது. குடை பிடித்துக்கொண்டு ஒருத்தன் நடந்தால் 'இப்போ நான் வேலையில் இல்லை' என்று அர்த்தம். கொங்காணி இரண்டு கையையும் வேலைக்கு விட்டுவிடுகிறது. அதனால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. மழையில் நனையாமல் இருப்பதை அவர்கள் தடுக்கவில்லை. வேலையில்லாமல் நிமிர்ந்து நடப்பதைத்தான் தடுத்தார்கள். நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன்.

எங்கள் பக்கம், வீராணம் ஏரிப் பாசனத்தில், இப்படி எழுதிவைத்த தடை எதுவும் இருந்ததாக எங்கள் பெரியவர்கள் சொன்னதில்லை. எழுதாமலே நடந்தது. தாத்தா சிதம்பரத்தில் ஒரு குடை வாங்கினாராம். மூங்கில் காம்பு வைத்த கறுப்புக் குடை. ஆயா சொல்வாள்: "ஊர்த்தெரு மொனைக்கு வந்ததும் மடக்கி அக்குள்ள வச்சிப்பாரு. தெருவத் தாண்டினப்பறம்தான் விரிப்பாரு. கையில குட இருக்கும். மனுசன் தொப்பறையா நனைஞ்சிக்கிட்டு வருவாரு." ஆயா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கேட்கிற எங்களுக்குச் சிரிப்பு வராது.

பான்ச்சோ பிறந்த இடத்திலும் துணி மேல் கை வைத்திருக்கிறார்கள். அது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பழங்குடி மக்களின் உடுப்பு. தறியில் நெய்த இரண்டு நீளத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து மூட்டுவார்கள். நடுவில் தலை நுழையும் அளவுக்கு மட்டும் மூட்டாமல் விட்டுவிடுவார்கள். நெய்த துணியில் கத்தரி படாது. 1780இல் பெருவில் இரண்டாம் தூப்பாக் அமாரு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பினார். 1781 மே மாதம் கூஸ்கோ நகரச் சதுக்கத்தில் அவரையும் அவர் குடும்பத்தாரையும் கொன்றார்கள். அதோடு ஆத்திரம் தீரவில்லை. இன்கா மரபு உடைகளை இனி யாரும் அணியக்கூடாது என்று தண்டனைத் தீர்ப்பிலேயே சேர்த்து எழுதினார்கள். அந்த உடைகளில் ஒன்று உங்கு. தலையை நுழைத்து மாட்டும், கை வைக்காத அங்கி. பான்ச்சோவுக்கு நெருங்கின உறவு. ஒரு சனத்தை அடக்க வேண்டுமென்றால் அதன் துணியைப் பிடுங்க வேண்டும் என்பது கூஸ்கோவிலும் தெரிந்திருந்தது, இராமநாதபுரத்திலும் தெரிந்திருந்தது.

இனி எங்கள் வீட்டுத் தையலுக்கு வருகிறேன்.

2023 ஐப்பசியில், சென்னையில் வேலை பார்க்கிற தம்பி அம்மாவுக்கு ஒரு ரெடிமேட் பான்ச்சோ வாங்கிவந்தான். அம்மா சம்பா நடவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாள். ஒரே நாள்தான். மறுநாள் மறுபடியும் கொங்காணி.

"ஏம்மா, அது என்னாச்சி?"

"வெறவுக்குப் போத்தியிருக்கேன். வெறவு நல்லா நனையாம கெடக்கு."

அவள் சொன்ன குறை நியாயமானது. குனிந்தால் முன்பக்கம் சேற்றுத் தண்ணியில் தோய்ந்துவிடுகிறது. ஒரு பத்தி நட்டு முடிப்பதற்குள் தொங்கலெல்லாம் சேறு. காற்று அடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு தலைக்கு மேலே வந்துவிடுகிறது, முதுகு முழுக்க நனைகிறது. அந்த உடுப்பு, நிமிர்ந்து நிற்கிறவருக்கும் வண்டியில் உட்கார்ந்து போகிறவருக்கும் தைத்தது. நாளெல்லாம் குனிந்தே இருக்கிற உடம்பு ஒன்று உலகத்தில் உண்டு என்று அதை வெட்டியவருக்குத் தெரியாது.

அத்தையிடம் சொன்னேன். எங்கள் சேரியில் மிஷின் வைத்துத் தைக்கிற முதல் பெண் அத்தைதான். அவர் தையல் பழகியதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் குமரியாக இருந்தபோது கடைத்தெரு டெய்லர் ஒருவர் சேரிப் பெண்கள் மேல் டேப்பு வைத்து அளவெடுக்க மாட்டார். பழைய ரவிக்கையைக் கொண்டுவந்து பலகை மேல் போட்டுவிட்டுப் போகச் சொல்வார். அளவு ரவிக்கை இல்லாதவளைத் தூரத்திலிருந்தே கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகத் தைப்பார். அக்குளில் பிடிக்கும், தோளில் வழியும். "நம்ம ஒடம்பு அளவு நமக்கே தெரியாமப் போச்சிடி" என்பார் அத்தை. பிறகு சமூக நலத்துறையின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் அவருக்கு மிஷின் வந்தது. அந்தத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயர். நம் சமூகத்திலிருந்து வந்து தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்தவர். 1974இல் தி.மு.க.வை விட்டு விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியவர். அத்தைக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. நான் சொன்னபோது மிஷினைத் துணியால் ஒரு தடவை துடைத்தார்.

அத்தை செய்த முதல் வேலை, அம்மாவைக் கூடத்தில் குனிந்து நிற்கச் சொன்னது.

"நட்டுக் காட்டு."

"வூட்டுக்குள்ள என்னாத்த நடறது? போ அண்ணி, வேற வேல இல்ல?"

"குனி சொல்றேன்."

அம்மா குனிந்தாள். அத்தை பிடரியில் டேப்பை வைத்து முதுகோடு இடுப்பைத் தாண்டி இழுத்தார். நிமிர்ந்து நின்றால் 32 அங்குலம். குனிந்தால் 40. எட்டு அங்குலம் கூடுகிறது. ரெடிமேட் உடுப்பு குடுக்காதது அந்த எட்டு அங்குலத்தைத்தான். நாற்பது வருஷமாக மழை அம்மாவின் இடுப்பில் விழுந்தது அந்த இடத்தில்தான். அவளுக்கு இடுப்புவலி எங்கேயிருந்து வந்தது என்று எந்த டாக்டரும் கேட்டதில்லை.

மாதிரி பார்க்க முதலில் யூரியா சாக்கில் தைத்தோம். சாக்கின் வாயை மிஷினில் சங்கிலித் தையலாகப் போட்டிருப்பார்கள். நூலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுசும் பிரிந்து வந்துவிடும். சாக்கை இரண்டு மூன்று தண்ணியில் ஊறவைத்து அலசினோம். யூரியா ஒட்டியிருந்தால் தோல் எரியும். பூச்சிமருந்து பட்ட சாக்கு எதையும் தொடக்கூடாது. ஒரு பக்கமும் அடியும் பிரித்து விரித்தால் ஒரு சாக்கு சுமார் 46 அங்குல அகலம், 36 அங்குல நீளம் வரும். அப்படி இரண்டு சாக்கு. இரண்டையும் அகலவாட்டில் ஒட்டவைத்துத் தோளுக்குத் தோள் மூட்டி, நடுவில் 12 அங்குலம் மட்டும் தைக்காமல் விட்டோம். ஆண்டிஸ்காரர்கள் செய்கிற அதே காரியம்தான். அவர்களுக்கு மூட்டு முன்னும் பின்னுமாக ஓடும், எங்களுக்குத் தோள்வாட்டில் ஓடியது. நாலு அங்குலம் கூட்டிப் பின்பக்கத்தை 40 ஆக்கினோம். முன்பக்கத்தைக் குறைத்து 26 ஆக்கினோம். வெட்டின இடத்தில் பிளாஸ்டிக் இழை பிரியும், அதனால் காய்ச்சின கத்தியால் ஓரத்தைத் தீய்த்துக்கொண்டோம். 16ஆம் நம்பர் ஊசி, பெரிய தையல். தையல் நெருக்கமாக விழுந்தால் ஓட்டை வரிசையோடு கிழிந்துவிடும்.

சாக்கு மழைக்குத் தாங்கியது. ஆனால் உள்ளே வெந்துபோகிறது, நடந்தால் மொறுமொறுவென்று சத்தம். "நான் ஆளா, உர மூட்டையா?" என்றாள் அம்மா. நியாயம்தான். அதனால் டவுனில் மழைக்கோட்டு தைக்கிற பூச்சுத் துணி வாங்கிவந்தோம். 60 அங்குலப் பன்னா. ஒரு ஆளுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் போதும். கணக்கு இதுதான்: பின்பக்கம் 40, முன்பக்கம் 26, இரண்டு ஓரமும் மடித்து அடிக்க 2, ஆக 68 அங்குல நீளம். அகலத்தில் 46 உடுப்புக்கு. மிச்சம் 14 அங்குலப் பட்டை. அந்தப் பட்டையில் 24 அங்குலம் வெட்டினால் தலைமூடி ஆகிவிடும். கழுத்துத் திறப்பு 12 அங்குலம் என்றால் சுற்றளவு 24. தலை நுழையும், தலைமூடியும் சரியாகப் பொருந்தும். அந்தத் தலைமூடிதான் பழைய கொங்காணிக் கூம்பு. துணி ஒரே துண்டாக இருப்பதால் தோளில் மூட்டு கிடையாது, ஒழுகவும் ஒழுகாது. கழுத்தைச் சுற்றின தையலில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டோம். இடுப்புக்கு நேராக இரண்டு பக்கமும் நாடா. அதைக் கட்டினால் முன்பக்கம் வயிற்றோடு ஒட்டி நிற்கும், சேற்றில் தோயாது. காற்றுக்கும் தூக்காது.

அம்மாவோடு நடவுக்குப் போகிற பெண்கள் மொத்தம் 14 பேர். ஒவ்வொருத்தரையும் குனியவைத்து அத்தை அளவெடுத்தார். கூச்சமும் சிரிப்புமாகக் கிடந்தது வீடு. ஒருத்திக்கு 38, ஒருத்திக்கு 43. நோட்டில் பேர் போட்டு எழுதினேன். அவர்களில் பலருக்கு உடம்பில் டேப்பு பட்டது அதுதான் முதல் தடவை.

இதற்குப் பிறகுதான் அம்மா ஒரு விஷயம் சொன்னாள். நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் நாங்கள் இருந்தபோது சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத போட்டுக்கிட்டுப் போனா, மழ பேஞ்சா கர ஏற முடியாது. அதான் கோட்டு போட்டிருக்கீங்களே, நடுங்கம்பான். இவ்ளோ நாளு நனைஞ்சிட்டோம்னு சொல்லியாவது செத்த நேரம் ஒதுங்குனோம்."

யாரும் பேசவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1930இல் குடைக்குத் தடை போட்டவர்களின் கணக்கு அவளுக்கு முழுசாகப் புரிந்திருந்தது. கையை வேலைக்கு விடுகிற எந்த மழை உடுப்பும் கூலி கொடுக்கிறவனுக்கும் வசதியான உடுப்புதான். கூலிக்காரர் உடம்பு நனையாமல் இருப்பது நல்லது. அந்த உடம்பு எப்போது மழையை விட்டு விலகலாம் என்று யார் முடிவு பண்ணுவது? தையலால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அன்றைக்கு ராத்திரி 14 பேரும் உட்கார்ந்து பேசினோம். மூன்று விஷயம் முடிவானது. ஒன்று, இடி இடித்தால் நட்ட பத்தியை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் பம்புசெட்டு கட்டடத்துக்குப் போய்விடுவது, மரத்தடிக்குப் போவதில்லை. வருஷா வருஷம் வயலில் இடி விழுந்து செத்த பெண்களைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வருகிறது. செத்தவர்கள் கூலிக்குப் போனவர்கள் என்பது அந்த நாலு வரியிலேயே தெரியும். இரண்டு, ஒதுங்கி நின்ற நேரத்துக்குக் கூலியைப் பிடிக்கவிடுவதில்லை. மூன்று, உடுப்பு நம் காசில் தைத்தது. நான் வாங்கிக் கொடுத்தேன் என்று யாரும் முன்பணத்தில் கழிக்கவிடுவதில்லை.

நடவு தொடங்கிய மூன்றாம் நாள் இடியோடு மழை பிடித்தது. பெண்கள் ஏறிவிட்டார்கள். நிலத்துக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். "அதான் ஆளுக்கொரு கோட்டு மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே, அப்பறம் என்ன?" என்று கேட்டார். அம்மா வார்த்தைக்கு வார்த்தை முன்பே சொன்னது. எங்கள் பெரியம்மா ஒருத்தர் பதில் சொன்னார்: "கோட்டு தண்ணிக்குத் தாங்குங்க. இடிக்குத் தாங்காது."

அன்றைக்கு முழுக் கூலி வந்தது. அடுத்த வாரம் வேறொரு நிலத்தில் அரைநாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள். இன்னொருவர், 'இவளுவ ரொம்பப் பேசுறாளுவ' என்று சொல்லி நடவு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். வெற்றி என்று எழுதிவிட்டால் அது பொய். பிடித்த கூலியை 14 பேரும் ஒன்றாகப் போய்க் கேட்டார்கள், பாதிதான் வந்தது. ஆனால் இடி இடிக்கும்போது ஒருத்திகூட வயலில் நிற்கவில்லை. அது அந்த நடவு முடிகிறவரை நடந்தது.

பக்கத்து டவுனில் ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிற பெண்கள் ஆறு பேர் இதைக் கேள்விப்பட்டு அத்தையிடம் வந்தார்கள். அவர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்திருந்தார்கள். மழை ஓய்ந்து, கார்த்திகை கழிந்தபிறகு கொடுத்தது. எல்லாருக்கும் ஒரே அளவு. தலைமூடி கண்ணை மறைக்கிறது, தள்ளுவண்டி தள்ளும்போது பின்னால் வருகிற லாரி தெரியவில்லை என்றார்கள். அத்தை அவர்களை வண்டி தள்ளுகிற மாதிரி நிற்கவைத்து அளந்தார். அவர்களுக்கு முன்பக்கம் 34 வேண்டியிருந்தது. கையுறை வைக்க ஒரு பை. தலைமூடியின் இரண்டு பக்கமும் உள்வாங்கி வெட்டினார், பக்கவாட்டில் பார்வை போக. முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை. வேலை வேறு என்றால் உடம்பின் நிலை வேறு, அளவும் வேறு.

1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் பேசிய அண்ணல் அம்பேத்கர், சாதியைக் காட்டிக்கொடுக்கிற விதமாகச் சேலை கட்டுவதை விட்டுவிடச் சொன்னார். அந்தப் பெண்கள் மறுநாளே கட்டுமுறையை மாற்றினார்கள் என்கிறது வரலாறு. உடுப்பு சின்ன விஷயம் என்று அவர் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டாம்.

அம்மா இப்போது இரண்டும் வைத்திருக்கிறாள். நடவுக்கு இந்த உடுப்பு. ரேஷன் கடைக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது குடை. ஊர்த்தெரு வழியாகத்தான் போகிறாள், விரித்துப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். ஒருநாள் தூறல்கூட இல்லை. அப்போதும் பிடித்துக்கொண்டு போனாள்.

தைக்க நினைக்கும் தோழர்களுக்கு மேலே சொன்ன அளவுகள் உதவும். அதை அப்படியே வெட்டிவிடாதீர்கள். யாருக்குத் தைக்கிறீர்களோ அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லாமல், அவர் செய்கிற வேலையைச் செய்துகாட்டச் சொல்லி அளவெடுங்கள். தைத்து முடித்ததும், அதைப் போட்டுக்கொண்டு எப்போது வேலையை நிறுத்துவது என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.